திரும்பி நடந்தேன்

5-5-1984, சனி

காலை ஷிப்ட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மூச்சுவிட நேரமில்லை. கோடை விடுமுறை வந்தால் ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதிப் பேருக்கு டிரங்கால் போடுகிறார்கள். ஈரோட்டுக்கு லைன் கிடைக்கவில்லை என்று ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். கிடைத்துப் பேசி முடித்ததும், "உங்க குரல் நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். குரலோடு நின்றுகொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு என் கால் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் ஈஸிசேரில் கிறிஸ்துதாஸ் அண்ணன். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போனதிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக இங்கே வந்துவிடுகிறார். ஏற்காட்டில் ஒரு வாரத்துக்கு காட்டேஜ் பிடித்திருக்கிறாராம். அவருடைய பாங்குக்கு வந்து போகிற எஸ்டேட்காரர் ஒருவருடையது. அப்பா, அம்மா, தங்கச்சி ஜெயமேரி, நான் எல்லோரும் போகிறோமாம்.

"எனக்கு லீவு கிடைக்காதுங்கண்ணா."

"கேட்டாக் கெடைக்கும். கேளு."

இதே அண்ணன் எங்களை இதுவரை மேட்டூர் அணைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. என்ன திடீர்ப் பாசம்?

அம்மா வேறு எனக்குப் புதுச் செருப்பு தைக்கக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். இடது செருப்பில் மட்டும் உள்ளே கனமாகத் தோல் வைத்து. "மலையில ஏறி எறங்கோணும்ல கண்ணு" என்கிறாள். முப்பத்தொரு வயதிலும் புதுச் செருப்பு என்றால் மனசு குதிக்கத்தான் செய்கிறது.

8-5-1984, செவ்வாய். ஏற்காடு

கொண்டை ஊசி வளைவுகளில் ஜெயமேரி பஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தாள். மேலே ஏரியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். எஸ்டேட் ஜீப் வந்து எங்களை அந்தச் சத்தத்திலிருந்து பிய்த்து எடுத்துப் போனது.

காட்டேஜ் நன்றாக இருக்கிறது. ஓட்டுக் கூரை, முன்னால் இரண்டு பிரம்பு நாற்காலி, சுற்றிலும் சவுக்குமரங்களில் மிளகுக்கொடி. கீழே காப்பிச் செடிகள், பூவெல்லாம் உதிர்ந்து பச்சைப் பிஞ்சு கட்டியிருக்கிறது. சமைக்க காவேரி என்று ஒரு அம்மாள். அவள் புருஷன் வேடியப்பன்தான் வாட்ச்மேன்.

காவேரி நான் ஜீப்பிலிருந்து இறங்கி நாலடி வைத்ததுமே கேட்டுவிட்டாள். "காலுக்கு என்னாச்சுங்க கண்ணு?"

"இளம்பிள்ளை வாதம். மூணு வயசுல."

"குளுருக்கு வலிக்குமே. சுடுதண்ணி வெக்கறேன்."

அவ்வளவுதான். பாத்திரத்தை எடுக்கப் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா முகம்தான் சுருங்கிப்போனது. "கேக்கறதுக்கு ஒரு நேரங்காலம் இல்ல" என்று முணுமுணுத்தாள். கேட்கிறவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது. கேட்காமல் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

9-5-1984, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சின்ன விஷயம்தான்.

சாயங்காலம் அண்ணன், "வா செல்வி, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றார். காட்டேஜுக்குப் பின்னாலிருந்து ஒரு பாதை மலையை ஒட்டி வளைந்து போகிறது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் சரிவு. மெதுவாக நடந்தாலும் கால்மணிதான். முடிவில் ஒரு அகலமான பாறை. அதில் நின்றால் கீழே குப்பனூர்ப் பக்கத்து வயல்கள், தென்னந்தோப்புகள், ஒரு ஏரி கண்ணாடித் துண்டு போல. மேகத்தின் நிழல் வயல்களின் மேல் நகர்ந்து போவதைக்கூடப் பார்க்க முடிகிறது.

ஆனால் நான் எழுத வந்தது அதையல்ல. பாதை மலைப் பக்கம் உயர்ந்து, சரிவுப் பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் அப்படி அரித்து வைத்திருக்கிறது. என் இடது கால் குட்டை. அது உயர்ந்த பக்கம் விழுந்தது. வலது கால் தாழ்ந்த பக்கம். புதுச் செருப்பு வேறு. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன் — நான் ஆடவில்லை. இடுப்பு ஆடவில்லை, தோள் ஆடவில்லை. நேராக நடக்கிறேன்! மற்றவர்கள் இப்படித்தான் நடக்கிறார்களா? நடக்கும்போதே வேறு எதையாவது நினைத்துக்கொண்டு, மரத்தில் என்ன குருவி என்று பார்த்துக்கொண்டு?

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன். பாறைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் ஜீப் நின்றது, அதிலேயே திரும்பிவிட்டோம். "எதுக்குங்கண்ணா ஜீப்பு? இவ்வளவு தூரந்தானே?" என்றேன். "அலுத்துப்போவே" என்றார். அண்ணனைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்ததில் கொஞ்சம் தப்போ என்று தோன்றியது.

10-5-1984, வியாழன்

காலையில் யாருக்கும் சொல்லாமல் தனியாக அதே பாதையில் போனேன். போகும்போது நேற்றைப் போலவே, சுகம். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். இடது கால் பள்ளத்தில், வலது கால் மேட்டில். ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழுந்திருப்பது போல இருந்தது. மரத்தைப் பிடித்து நின்று நின்று வந்தேன். பரவாயில்லை. போகும்போது கிடைத்ததே, அது போதும். நாளைக்கும் போவேன்.

11-5-1984, வெள்ளி

போகவில்லை. இனி போகவும் மாட்டேன்.

மத்தியானம் காவேரி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க கண்ணு, நாளைக்கி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கறி திம்பாங்களா? ஒங்கண்ணன் ஒண்ணுமே சொல்லல."

"எந்த மாப்பிள்ளை?"

"ஒங்களப் பாக்க வாராங்கல்ல, அவங்கதான். அக்காளும் தம்பியுமாமே." என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூண்டைக் கீழே வைத்தாள். "அடியாத்தி, ஒங்களுக்கே தெரியாதுங்களா?"

நேரே முன்னறைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். ஜெயமேரி கையிலிருந்த புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள். ஆக, அவளுக்கும் தெரியும். அப்பா பேப்பரை மடிக்கவில்லை. அவருக்கும் தெரியும்.

அண்ணன் பதறவேயில்லை. பாங்கில் லோன் கேட்டு வருகிறவனுக்கு விளக்குவது போல விளக்கினார். மாப்பிள்ளை பெயர் மரியஅந்தோணி, கோயமுத்தூரில் ஹைஸ்கூல் வாத்தியார், வயது முப்பத்தெட்டு, நல்ல குடும்பம். அக்கா அருள்மேரிதான் எல்லாம் பார்க்கிறவர். அவர்கள் காதுக்கு யாரோ என் காலைப் பற்றிப் போட்டுவிட்டார்கள். "லேசாச் சாய்ச்சு நடக்கும், அவ்வளவுதான்"னு அண்ணன் சொல்லியிருக்கிறார். நடக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். நேரடியாகக் கேட்கவில்லை. "ஏற்காடு வந்தா எல்லாருமா ஒரு நடை போலாமே"ன்னு நாகரிகமாக.

பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பாதை. மலை இடப்பக்கம் இருக்கிற பாதை. திரும்பி வராமல் ஏறிக்கொள்ள ஜீப். புதன்கிழமை என்னைக் கூட்டிப்போனது நடைக்கு இல்லை, ஒத்திகைக்கு! செருப்பு — அம்மா, அந்தச் செருப்பும்!

"எந்தப் பக்கம் நடந்தா என் கால் தெரியாதுன்னு தேடிக் கண்டுபிடிச்சீங்களா? எத்தனை பாதை பார்த்தீங்க இதுக்கு?"

"உன் நல்லதுக்குத்தாண்டி."

"என் நல்லதா? நீ ஒரு ஆளா?" வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை நீ என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்னால் தாங்க முடியாதது இதுதான். பெண் பார்க்க வருவதை மறைத்தது பழசு. ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கால்மணி நேரம் என்னுடையது. முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர் நடை. அதையும் இவங்க தேச்சுப் பளபளன்னு வெச்சு எவனுக்கோ காட்டறதுக்குத்தான் கொடுத்திருக்காங்க. இனிமே அந்தப் பாதையை நெனச்சா அண்ணன் மூஞ்சிதான் வரும்.

சாப்பிடவில்லை. அம்மா கதவைத் தட்டித் தட்டிப் போனாள்.

12-5-1984, சனி

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்வார்கள்.

காலையில் அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "ஜெயமேரிக்கு இருவத்தஞ்சு ஆவப்போவுது சாமி" என்றாள். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மூத்தவள் நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். குளித்தேன். அம்மா எடுத்து வைத்த சேலையைக் கட்டினேன். தரையைக் கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டச் சொன்னாள், கட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் எதுவும் அப்போது மனசில் இல்லை. தோற்றுத்தான் போயிருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். அருள்மேரி அம்மாள் கறுப்பு பிரேம் கண்ணாடி, குட்டையான உருவம், அதட்டிப் பழகிய குரல். மரியஅந்தோணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறவர். காபி குடித்தோம். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, காவேரி கொடுத்தாள். அது அண்ணனுடைய ஏற்பாடு. பிறகு எல்லோரும் கிளம்பினோம்.

"நீ மலை ஓரமாவே வா செல்வி, அந்தப் பக்கம் சரிவு" என்றார் அண்ணன், எல்லோர் காதிலும் விழும்படி, அக்கறையாக.

மரியஅந்தோணி எனக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் வந்தார். கோயமுத்தூர் வெயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு முன்னால் போய்விட்டார். அருள்மேரி அம்மாள் எனக்குப் பின்னால். அம்மாவுடன் ஏதோ பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். பின்னால் வருகிறவர்கள் பேச்சை நிறுத்தினால் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும்.

நான் ஆடாமல் நடந்தேன். பாதை அதன் வேலையைச் செய்தது.

பாறைக்கு வந்தோம். பனி விலகிக் கீழே எல்லாம் துலக்கமாக இருந்தது. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அருள்மேரி அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தானுங்க நடக்குது பொண்ணு. எங்க காதுல கண்டவங்களும் கண்டதச் சொல்லி வெச்சுட்டாங்க."

அம்மா சிரித்தாள்.

பல வருஷமாக அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாய்நிறைய, கண்ணில் தண்ணீர் வர. இல்லாத ஒருத்தியைப் பெற்றதற்காக அவ்வளவு சந்தோஷம். அந்த நிமிஷம் எனக்குள் என்னமோ அறுந்துபோனது.

அந்தப் பக்கம் ஜீப் ஹாரன் அடித்தது. "வாங்க, வாங்க, ஜீப்பு ரெடி" என்று அண்ணன் எல்லோரையும் கிளப்பினார்.

"நான் வந்த வழியே போறேன்" என்றேன்.

"செல்வி, ஜீப்பு நிக்குது."

குனிந்து செருப்பைக் கழற்றினேன். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினேன். என் கால் — ஒரு பக்கம் சூம்பி, பாதம் உள்பக்கம் திரும்பி — எல்லோருக்கும் முன்னால் இருந்தது. அருள்மேரி அம்மாளைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க இதப் பாக்கத்தானுங்க வந்தீங்க. வரும்போது தெரிஞ்சிருக்காது. இப்ப பின்னாடி நின்னு பாருங்க, நல்லாத் தெரியும்."

திரும்பி நடந்தேன்.

ஆடினேன். இதற்குமேல் ஆட முடியாது என்கிற அளவுக்கு ஆடினேன். மறைக்க எதுவும் செய்யவில்லை. ஒரு கை தொடையைப் பிடித்திருந்தது, ஒரு கை காற்றில். கல் குத்தியது. "செல்வீ!" என்று அம்மா கத்துவது கேட்டது. அண்ணன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அருள்மேரி அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க வந்தவர், பார்த்தார். மரியஅந்தோணி அந்தப் பக்கம் திரும்பி வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் விழுந்தேன். முழங்கையில் ரத்தம். யாரும் வரவில்லை. எழுந்து வந்தேன்.

காவேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மத்தவங்கெல்லாம் எங்கீங்க கண்ணு? பஜ்ஜிக்கு மாவு கரச்சுட்டனே." முழங்கையைப் பார்த்துவிட்டு மஞ்சள்தூள் கொண்டு வந்து அப்பினாள். பசித்தது. நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் ஜீப்பில் சுற்றி வருவதற்குள் ஒரு தட்டு பஜ்ஜியைத் தின்று முடித்தேன்.

13-5-1984, ஞாயிறு

மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போனோம். யாரும் யாருடனும் பேசவில்லை. வழக்கம்போல முதல் மணிக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்து, கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு எழுந்து வந்தோம்.

திரும்பி வந்ததும் ஜெயமேரி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவளை நான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறேன். இந்தக் காலோடு.

"ஒனக்குக் கோவம் வந்தா நீ கத்திட்டுப் போயிருவே. நான் என்னக்கா பண்றது? ஜேசுதாஸ் ஊட்டுல எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்க? நேத்து ஒரு கால்மணி நேரம் பல்லக் கடிச்சிட்டு நின்னிருக்கக் கூடாதா?"

ஜேசுதாஸ் என்றொருவன் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரும்பாலையில் பிட்டராம். நம்ம வேதந்தானாம். ரெண்டு வருஷமாகப் பழக்கமாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவே."

அடித்துவிட்டேன். கன்னத்தில். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இவள்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டே அழுதேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் — இவள்மேல் என்ன கோபம்? மூத்தவளுக்கு ஆகாமல் இளையவளுக்கு இல்லை என்று வைத்தது இவளா? என் காலில் இவள் கல்யாணத்தைக் கட்டிவைத்தது யார்?

14-5-1984, திங்கள்

வந்துவிட்டார்கள்! வேண்டாம் என்று சொல்லியனுப்புவார்கள் என்று பார்த்தால் ஏரிப்பக்கம் லாட்ஜில் தங்கியிருந்த அக்காளும் தம்பியும் காலையிலேயே பழத்தோடு வந்து நிற்கிறார்கள். அண்ணன் முகத்தில் சூரியன் உதித்தது.

அருள்மேரி அம்மாள் பெரிய மனசு பண்ணிவிட்டாராம். "கோவக்காரப் பொண்ணுதான், ஆனாப் பொய் இல்ல. எங்களுக்கும் வயசாயிட்டே போவுது. நாங்க பரவால்லன்னு எடுத்துக்கறமுங்க." எடுத்துக்கொள்கிறார்களாம். சந்தையில் அடிபட்ட தக்காளியை எடுத்துக்கொள்கிற மாதிரி.

அதோடு விட்டாரா? அம்மாவுக்கு யோசனை வேறு சொன்னார். "கோயில்ல ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாரும் வாரதுக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டு, எல்லாரும் போனப்புறம் எந்திரிச்சு வந்தாப் போதும்."

அம்மா, "ஆமாங்க, நாங்க அப்பிடித்தானுங்க" என்று தலையாட்டினாள்.

நான் அம்மாவையே பார்த்தேன். நாங்க அப்பிடித்தானுங்க. சின்ன வயதிலிருந்து கோயிலுக்கு முதலில் போய்க் கடைசியில் வருகிற குடும்பம் எங்களுடையது. அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வயது வரைக்கும்! அம்மாவுக்குப் பக்தி அதிகம் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையுடன் தனியாகப் பேச வேண்டும் என்றேன். வெளியே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"அன்னைக்கு நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதாங்க."

"பார்த்திருக்கணும். கட்டிக்கப்போறவரு நீங்கதானே?"

"எனக்கும் அலுத்துப்போச்சுங்க" என்றார். "அக்கா கூட்டிட்டுப் போற ஊட்டுக்கெல்லாம் போய், பலகாரம் சாப்பிட்டு, தலையக் குனிஞ்சு உக்காந்து... இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. நீங்கதான் கேட்டீங்க."

மோசமானவர் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கு இளகியது, பொய் சொல்லவில்லை. பிறகு அவரே சொன்னார்: "வேலைய விட்டுட்டு வந்துருவீங்கன்னு உங்கண்ணன் சொன்னாரு. இல்லேன்னா கோயமுத்தூருக்கு மாத்தல் கேக்கலாமுங்களா? அக்காகிட்டக் கேட்டுச் சொல்லட்டுமா?"

வேலையையும் கொடுத்தாகிவிட்டதா! என்னைக் கேட்காமல்!

"வேண்டாங்க" என்றேன். "மாத்தலும் வேண்டாம், இந்தக் கல்யாணமும் வேண்டாம். உங்க மேல கோவம் இல்ல. அக்காகிட்டக் கேக்காம நீங்களே யாரையாவது போய்ப் பாருங்க."

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார். உள்ளே அண்ணன் மேஜையிலிருந்த பழத்தட்டைத் தட்டிவிட்டார். ஆரஞ்சுகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் எல்லாம் போயின. "இனிமே இவளுக்கு நான் எதுக்கும் வரமாட்டேன். செத்தாலும் வரமாட்டேன்."

"வராதே."

15-5-1984, செவ்வாய்

இறங்கிவிட்டோம். சேலத்தில் வெயில் கொதிக்கிறது. அம்மா பாறையிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்த செருப்பைக் காட்டேஜிலேயே விட்டுவிட்டு வந்தேன். அம்மா பையைத் தேடிப் பார்த்தாள், கேட்கவில்லை.

3-6-1984, ஞாயிறு

வீட்டில் பேச்சு இல்லை. அம்மா தட்டை வைக்கிறாள், போகிறாள். எக்ஸ்சேஞ்சுக்குப் போனால்தான் மனிதக் குரல் கேட்கிறேன்.

இன்று ஒன்று செய்தேன். அம்மா எழுப்பியும் எழுந்திருக்காமல் படுத்திருந்து, பூசை தொடங்கிய பிறகு தனியாகக் கோயிலுக்குப் போனேன். நடுவழியே நடந்து எங்கள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். தலைகள் திரும்பின. திரும்பட்டுமே. அம்மா தலை மட்டும் திரும்பவில்லை. அவள் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

10-6-1984, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார், அப்பாவிடம் மட்டும் பேசினார். ஜெயமேரி விஷயத்தை நானே எடுத்தேன். "அவளுக்குப் பண்ணுங்க. எனக்காக நிக்க வேண்டாம்."

"மூத்தவள வெச்சுட்டு எளையவளக் குடுத்தா, மூத்தவளுக்கு என்ன கோளாறுன்னு கேப்பாங்க" என்றார், என்னைப் பார்க்காமல் அப்பாவிடம்.

"என்ன கோளாறுன்னுதான் ஏற்காட்டுலயே காட்டிட்டேனே" என்றேன்.

ஜெயமேரி அடுப்படியில் சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக என்னுடன் பேசாதவள்.

அண்ணன் ஜேசுதாஸ் வீட்டுக்குப் போகவே மாட்டாராம். பெண் வீட்டார் போய் நிற்பது கேவலமாம். சரி, நீ போகாதே. நான் போகிறேன்.

17-6-1984, ஞாயிறு

சாயங்காலம் கிளம்பி வாசலுக்கு வந்தேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா?"

"நீ போற எடத்துக்குத்தான்."

"அன்னைக்கு அந்தப் பாறையிலேர்ந்து என்கூட வராம, இன்னைக்கு எதுக்கு வர்றீங்க?"

நான் கேட்டது கடுமைதான். மாற்றி எழுத மாட்டேன். அப்பா திரும்பி உள்ளே போகவில்லை. பஸ் ஸ்டாப் வரை என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு வருஷத்தில் தேவசிகாமணி என்கிற என் அப்பா எனக்குப் பக்கத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பத்தடி முன்னால்.

ஜேசுதாஸின் அம்மா ஓட்டு வீட்டு வாசலில் காய்ந்த வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெஞ்சில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். என் குரல் நடுங்கியது. லைன் கிடைக்காமல் கத்துகிறவர்களிடம்கூட நடுங்காத குரல்.

"மூத்தவங்க நீங்கதானுங்களா? ஒங்களுக்கு இன்னும் ஆவலியே?"

"எனக்கு ஆகலீங்க. ஆகாமலும் போகலாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. என் காலப் பத்தி யாராவது சொல்லியிருந்தா, இப்பவே நடந்து காட்டறேன்." கோபத்தில் பாதி எழுந்தே விட்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "வாசல்ல இருந்து நடந்துதானே கண்ணு வந்தே? பாத்துட்டுத்தானே காப்பி போட்டேன். உக்காரு, ஆறிப்போவுது."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு கேட்டதுதானுங்க, எனக்கும் அதான்" என்றார்.

எம் பொண்ணு. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6-1-1985, ஞாயிறு

கோயிலில் ஜெயமேரிக்கும் ஜேசுதாஸுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அம்மா காலையில் என்னை எழுப்பவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசலில் குடையோடு நிற்கிறாள். "மொத மணி எப்பவோ அடிச்சிருச்சேம்மா" என்றேன். "அடிக்கட்டும், ஒங்கூடத்தான் வருவேன்" என்றாள்.

28-1-1985, திங்கள்

கல்யாணம் முடிந்து ஜெயமேரி போய்விட்டாள். வீடு பூவும் குப்பையுமாகக் கிடக்கிறது.

அண்ணன் வந்தார், கைக்குழந்தையோடு அண்ணியும். விருந்தில் பரிமாறினார். என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்றும் இல்லை. ஆனால் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத்தான் அண்ணி சாப்பிடப் போனாள். என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

கோயில் படிக்கட்டில் குடும்பப் படம் எடுத்தார்கள். போட்டோக்காரன் நல்லவன்தான். கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க முன்னாடி சேர்ல உக்காந்துக்கங்க, அப்பத்தான் படம் நேரா வரும்" என்றான். யாரோ நாற்காலியை இழுத்தும் போட்டுவிட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள். அவ்வளவு சத்தமாக அம்மா பேசி ஊர் கேட்டதில்லை.

"இல்லீங்க, அவ நிக்கட்டும். எம் பக்கத்துல நிக்கட்டும்."

நின்றேன். போட்டோக்காரன் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தினான், வெயில் சுட்டது, பிளாஷ் வேலை செய்யவில்லை. கால் வலிக்கத் தொடங்கியது. "வலிக்குதும்மா" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. அம்மா கேமராவைவிட்டுக் கண்ணை எடுக்காமல், என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.